கழுத்திலேயே கோத்த மாலை

பூம்பாறை
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகள் சண்முகவள்ளிக்கு,

அத்தை வேலுத்தாய் எழுதிக்கொண்டது. அன்புள்ள என்று போடுவது கடிதத்துக்கு முறை என்பதால் போட்டிருக்கிறேன். நீயும் பேத்தி தாரணியும் சுகமாக இருக்க வேண்டும். அதை மட்டும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

போனில் பேசலாம் என்றால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், அவ்வளவுதான். கிழிப்பதானாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கிறதென்று உன் அப்பாவிடம் காட்டிச் சிரிக்க வேண்டாம். அவர் சிரித்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் கல்யாணப் பந்தியில் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, மலைக்காரவுக வர்றதுக்கு முன்னாடியே பூண்டு வாசம் வாசல்ல வந்து நிக்குதுப்பா என்று சொல்லிச் சிரித்தாரே சுப்புராஜ், அந்தப் பூண்டில் வைத்த குழம்பை அன்றைக்கு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். நான் எதிர் இலையில்தான் இருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புருஷனுக்கு, என் மகன் தண்டாயுதபாணிக்கு, நெஞ்சு கெட்டுப்போய்விட்டது.

போன வருஷம் மேல்தோட்டத்துக்கு ஏறும்போது நடுவழியில் உட்கார ஆரம்பித்தான். பனி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று ஊரே சொன்னது. இந்த ஊரில் மூச்சு முட்டினால் பனிதான் காரணம், வேறு காரணம் யாருக்கும் தெரியாது. பனிக்கு வெக்கைதானே மருந்து என்று நானும் அடுப்படியில், பூண்டு தொங்கும் பரணுக்குக் கீழே, அவனுக்குக் கட்டிலைப் போட்டேன். உனக்குத் தெரியும், பூண்டு தொங்கும் காலத்தில் அந்த அடுப்பை அணைக்க மாட்டோம். புகை ஏறினால்தான் பூண்டு கெடாமல் கிடக்கும். அந்தப் புகைக்குள் ஒரு போகத்துப் பூண்டு காய்கிற வரைக்கும் படுத்துக்கிடந்தான், கையில் பீடியோடு. குளிரக் கூடாது என்று நன்றாகப் போர்த்தியும் விட்டேன்.

ஐப்பசியில் நெஞ்சு டாக்டர்கள் கொடைக்கானலுக்கு வந்து முகாம் போட்டார்கள். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். நம் பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி, எனக்கு மூத்த மனுஷன், அவர் ஊதினார், முள் மேலே ஓடியது. இவன் ஊதினான், முள் லேசாக அசைந்தது. மயில்சாமி சும்மா இருப்பாரா? ஏலே பாணி, கொசுவ ஓட்டச் சொல்லல, ஊதச் சொல்றாக என்று எல்லோர் முன்னாலும் கேலி பண்ணினார். அவன் சிரித்தான். சிரித்த சிரிப்பில் இருமல் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை. மயில்சாமியோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பீடி சிகரெட் குடிப்பவர்களின் நெஞ்சைப் படம் எடுத்து எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கிறார்களாம், மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். அதற்கு இவன் பேரையும் எழுதிக்கொண்டார்கள். இனிமேல் பீடியைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு வந்ததும் தொட்டான்.

நீ போனதிலிருந்து அவன் பழனிக்கு மாலை போட்டதில்லை. அடிவாரத்தில் உங்கள் மாலைக் கடையைத் தாண்டித்தானே படிக்குப் போக வேண்டும். எந்த முகத்தோடு தாண்டுவான்? அதனால் பீடியை விடுகிற காலம் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. முன்பெல்லாம் கார்த்திகையில் மாலை ஏறினால் தைப்பூசம் முடிகிற வரை பீடியும் கறியும் அவன் வாய்க்குப் போகாது என்பது உனக்கே தெரியும். இந்தக் கார்த்திகையில் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்த பழைய மாலையை எடுத்துக் கழுவி, நம் ஊர்க் குழந்தை வேலப்பர் சந்நிதியில் வைத்து நானே அவன் கழுத்தில் போட்டேன். நீ செம்புக் கம்பியில் கோத்து வேல் டாலர் மாட்டிக் கொடுத்த அதே துளசிமணி மாலைதான். அன்றைக்கு நின்றது பீடி. டாக்டர் சொல்லி நிற்காதது, நான் அழுது நிற்காதது, மணி கழுத்தில் பட்டதும் நின்றது.

மார்கழியில் மதுரைக்குப் போனோம். அங்கே வந்தது ஒரு வில்லங்கம். படம் எடுக்கிற பையன், கழுத்துல கெடக்குறதெல்லாம் கழட்டுங்க, கம்பியும் டாலரும் இருந்தா படம் கோடு கோடா விழும் என்றான். பாணியும் ஆஸ்பத்திரிக்காரர் சொல்கிறாரே என்று கையைத் தூக்கிவிட்டான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி, மாலையக் கழட்டுனா படம் நல்லா விழும், எம்மகன் விழுந்துருவான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், பாட்டி, பத்து நிமிசந்தான், சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு என்றார். சாமி கோபிப்பதைப் பற்றி யார் பேசினார்கள்? ஒரு தரம் கழற்றினால் விரதம் முடிந்தது என்று அவன் கை பீடிக்குப் போகும். அதை அந்த ஆளுக்கு எப்படிச் சொல்வது?

ஒன்று செய்தேன். சேலை முந்தானையில் நீளமாக ஒரு நூலை உருவி நாலாக முறுக்கினேன். அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, பிடரியில் கம்பியின் கொக்கியைப் பிரித்து, கம்பி நுனியில் நூலைச் சுற்றி எச்சில் தொட்டு முறுக்கி, மெதுவாக இழுத்தேன். முன்னால் கம்பி வெளியே வர, பின்னாலேயே நூல் மணிக்குள் போனது. ஒரு மணிகூட அவன் கழுத்தை விட்டு இறங்கவில்லை. டாலரை மட்டும் எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன். எங்களுக்குப் பின்னால் வரிசை சிடுசிடுத்தது. அந்தப் பையன் உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தான். அந்தப் பொண்ணு பேர் மகாதேவி. பார்த்தாள். மரமணியும் நூலும்தானே, இருக்கட்டும் விடுங்க என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் நன்றாக இருக்க வேண்டும்.

வளையம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் பலகையோடு போகிறான். மூச்சை முழுசா இழுத்து நிறுத்து என்று ஒரு குரல் சொல்கிறது. அப்போது ஒரு படம். பிறகு முழுசா விட்டு நிறுத்து என்கிறது. அப்போது ஒரு படம். அந்த இரண்டாவதுதான் இவனுக்கு முடியவில்லை. இழுப்பதை எப்படியோ இழுத்தான். விடச் சொன்னால் விட முடியவில்லை. மூன்று தரம் எடுத்தார்கள்.

பிறகு மகாதேவி என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினாள். இழுத்த படத்தையும் விட்ட படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, கடுகு கடுகாக அளந்து, வர்ணம் கொடுக்கிறார்கள். பச்சை நல்ல இடம். மஞ்சள், சின்னச் சின்னக் குழாய்கள் சுருங்கி, போன காற்று திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்கிற இடம். சிவப்பு, சதையே அரித்துப்போய் வெறும் ஓட்டையாக நிற்கிற இடம். பாணியின் நெஞ்சில் மேல்பாதி முழுக்கச் சிவப்பு. கீழே மஞ்சள். பச்சையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் கனமில்லாத பூண்டு இருக்குமே, தோல் வெள்ளையாக, பார்வைக்கு நன்றாக, உள்ளே பொக்காக. அந்தப் பூண்டை நான் இருட்டில்கூடத் தொட்டுச் சொல்லிவிடுவேன். பெற்ற பிள்ளையை இத்தனை வருஷம் தொட்டுத் தூக்கியும் தெரியவில்லை.

படத்தில் நெஞ்சுக்கு வெளியே, தோலுக்கு மேலே, சின்னச் சின்ன வட்டமாக வரிசையாய் ஏதோ தெரிந்தது. அது என்ன தாயி, அதுவும் நோயா என்று கேட்டேன். அது மாலை பாட்டி என்றாள்.

அவனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மீதியைச் சொன்னாள். சிவப்பு திரும்பாது. மஞ்சளைத்தான் காப்பாற்ற வேண்டும், பீடியை விட்டால் அது சிவப்பாகிற வேகத்தைக் குறைக்கலாம், சிலது தெளியவும் செய்யலாம் என்றாள். எங்கே இருக்கிறீர்கள், வீட்டில் என்ன புகை என்று கேட்டாள். பரணைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. பாட்டி, உங்க ஊர் உயரத்துல காத்தே மெலிசு, அதுல இந்தப் புகை வேற, இவர் கீழ எறங்கித்தான் ஆகணும் என்றாள். பழனி மலை ஏறணும்னு நேந்திருக்கானே என்றேன். ஏறவே கூடாது, இந்த வருஷம்னு இல்ல, எப்பவுமே என்றாள். உங்களையும் ஒரு படம் எடுத்துப் பாத்துரலாமா, நீங்களும் இருமுறீங்களே என்று வேறு கேட்டாள். நான் என்ன பீடியா குடித்தேன்? எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

பாணியிடம் நான் சொன்னது வேறு. பீடியை விட்டால் மூச்சு வரும், வந்ததும் ஏறலாம், ஏறி இறங்கினதும் மாலையைக் கழற்றலாம், அதுவரைக்கும் கெடக்கட்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். நம்பினான். தைப்பூசத்துக்கு ஊரார் காவடியோடு இறங்கிப் போனபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இழுவை ரயிலில் போய்வரலாமே என்று ஒருவர் சொன்னார். சாமியப் பாக்க நான் என்ன மூட்டையா, இழுத்துட்டுப் போறதுக்கு என்று இவன் சண்டைக்குப் போனான். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. நடந்துதான் ஏறுவான் என்றால் ஏறப்போவதும் இல்லை, மாலை கழுத்தை விட்டு இறங்கப்போவதும் இல்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் உன் மனசு கேட்கும். தாரணிக்கு அப்போது மழலை மாறவில்லை. இரவெல்லாம் மூச்சு இளைத்துக்கொண்டு கிடந்தது. பாணி பழனிக்குப் போய்த் திரும்பி வந்து நடையில் நிற்கிறான், மாலையைக் கழற்ற நான் கை நீட்டுகிறேன். கழட்டாதீக அத்தே, இன்னும் ஒரு மாசம் கெடக்கட்டும், பிள்ளைக்குச் சரியாகட்டும் என்று நீ குறுக்கே வந்தாய். விரதம் முடிஞ்ச மாலை கழுத்துல கெடக்கப்படாது, நேத்து வந்தவ எனக்கு முறை சொல்லித் தர்றியா என்று நான் கழற்றினேன். அவன் முற்றத்தில் இறங்கிப் பீடி பற்றவைத்தான். இந்த வீட்டுல புகைக்குத்தான் மரியாத, எம்பிள்ள மூச்சுக்கு இல்ல என்று சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ போனாய். தெருவில் இருந்த அத்தனை பேரும் கேட்க நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். இன்றைக்கு நான் செய்வது அன்றைக்கு நீ சொன்னதுதான். அதனால் நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. இதில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

இப்போது மாசி அறுவடை. பரண் நிறையப் பூண்டு தொங்குகிறது. அடுப்பை அணைத்தால் பூண்டு போகும், அணைக்காவிட்டால் பிள்ளை போவான். அவனைக் கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறேன். அங்கே பனி. நடுங்குகிறான். கீழே எனக்கு யார் இருக்கிறார்கள்? என் தம்பி இருக்கிறான். அவன் வாசலை மிதிப்பதைவிடச் செத்துப்போகலாம். உன் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள்தான். நான் மிதிக்கவில்லை. பாணியை அனுப்பலாமா என்றுதான் கேட்கிறேன்.

கடைக்குப் பின்னால் அந்தச் சின்ன அறை இருக்கிறதே, அது போதும். உட்கார்ந்து மணி கோப்பான். அதற்கு மூச்சு வேண்டாம். அவனுக்கு இது எதுவும் தெரியாது. நீ வேண்டாம் என்றால் தெரியவும் போவதில்லை.

பதில் எழுத வேண்டாம். உன் சொல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தானை நூல் நைந்து வருகிறது, மணி எப்போது கொட்டுமோ என்று பயமாக இருக்கிறது. சம்மதம் என்றால் மாலை கோக்கிற நூல் கொஞ்சம் தபாலில் அனுப்பு. வராவிட்டால் புரிந்துகொள்வேன். உன் மேல் இருக்கிற கோபத்தில் இதையும் சேர்த்துக்கொள்வேன், இடம் இருக்கிறது.

தாரணிக்கு இப்போது இளைப்பு வருகிறதா?

இப்படிக்கு
உன் அத்தை வேலுத்தாய்


பூம்பாறை
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை

மருமகள் சண்முகவள்ளிக்கு அத்தை வேலுத்தாய் எழுதுவது.

நூல் வந்தது. கூட ஒரு வரி இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன், ஆனாலும் நீ எழுதியிருக்கலாம். கவரின் மேல் விலாசம் உன் எழுத்து இல்லை. அப்பத்தா வேலுத்தாய் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. நீ எழுதச் சொன்னாயா, அதுவாக எழுதியதா என்று கேட்க மாட்டேன். கவரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நூலை முறுக்கி மெழுகு போட்டு, அளந்து வெட்டி அனுப்பியிருந்தாய். அவன் கழுத்தளவு உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது பழைய அளவு. இப்போது இளைத்துவிட்டான். கோத்து முடிந்த பிறகு மாலை நெஞ்சுக்குக் கீழே இறங்கித் தொங்குகிறது. பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருக்கும், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். முகத்தில் காட்டிக்கொள்ளாதே.

பாணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவ வரச் சொன்னாளா ஆத்தா என்று கேட்டான். நூலைக் காட்டினேன். கையில் வாங்கி மோந்து பார்த்தான். வெள்ளனே எழுந்து சட்டையை அவனே துவைத்துப் போட்டான். அதற்கே மூச்சு வாங்கியது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். பெருமாள்மலை தாண்டி வளைவுகளில் அவனுக்குத் தலை சுற்றும், இறங்கினதும் கொஞ்ச நேரம் உட்காரவை. உறிஞ்சுகிற மருந்து சட்டைப்பையில் இருக்கும். காலையில் இருமி முடிக்கிற வரைக்கும் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, கோபம் வரும். கடை வாசலில் கற்பூரம் கொளுத்துகிறவர்களைத் தள்ளிப் போகச் சொல். உன் அப்பாவிடம் சொல்லி வை, பூண்டு வாசம் பற்றி இவன் காதில் விழுகிற மாதிரி ஒரு சொல்லும் வேண்டாம். பையில் தாரணிக்கு நாலு பிடிப் பூண்டு வைத்திருக்கிறேன். பரணில் கிடந்தது இல்லை, வெயிலில் காயவைத்தது. புகை வாசம் இருக்காது.

டாலரை நான் கோக்கவில்லை. அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். மறுபடியும் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள், மஞ்சள் எவ்வளவு நின்றது என்று பார்க்க. நீதான் கூட்டிப்போக வேண்டும். அப்போது இந்த வில்லங்கம் இல்லாமல் இருக்கட்டும். டாலரை அவன் கழுத்தைத் தவிர வேறு எங்கே வைப்பதென்று உனக்குத் தெரியும்.

உங்கள் தெருவிலிருந்து பார்த்தால் மலையும் படியும் தெரியும். அதுதான் எனக்கு விசாரம். தினமும் பார்ப்பான், தினமும் கேட்பான். ஏறலாம் என்றே சொல். எப்போது என்று கேட்டால் மூச்சு வரட்டும் என்று சொல். நான் அப்படித்தான் சொல்லிச் சொல்லி மூன்று மாதத்தைத் தள்ளினேன். உனக்கு என்னைவிடச் சாமர்த்தியம் உண்டு, வருஷக்கணக்கில் தள்ளுவாய்.

எனக்கு இங்கே சோலி கிடக்கிறது. பரணில் கிடக்கிற பூண்டை இறக்க வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் நான் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. இருமல் எல்லோருக்கும் இருப்பதுதான்.

நீயும் உன் மகளும் நல்ல மூச்சோடு நெடுங்காலம் இருக்க வேண்டும். குழந்தை வேலப்பரிடம் உன் பேரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.

ஒன்றே ஒன்று. மாலையைக் கழற்ற வேண்டிய நாள் என்று ஒன்று வந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் மலை இறங்கி வர நேரமாகும். இந்தத் தடவை உன்னை முந்திக்கொண்டு யாரும் கை நீட்ட மாட்டார்கள். நீயே கழற்று தாயி. முடிச்சைக் கொஞ்சம் இறுக்கியே போட்டிருக்கிறேன். வெரசா அவிழாது.

இப்படிக்கு
வேலுத்தாய்